ஒரே அருங்காட்சியகம், இரண்டு வழிகள்
கனடாவின் கால்கரி நகரிலுள்ள கிளென்போ அருங்காட்சியகம் பூர்வகுடிகளைப் பற்றி இருவேறு முறைகளில் காட்சி அமைத்திருக்கிறது.

1988 குளிர்கால ஒலிம்பிக்கையொட்டி நடந்த கண்காட்சிக்கு, பல நாடுகளிலிருந்து இரவல் பெற்ற அரும்பொருட்களை அறிஞர்களே தேர்ந்தெடுத்தனர். நில உரிமைக்காகப் போராடிவந்த லூபிகான் கிரீ மக்கள், தாங்கள் உரிமை கோரும் நிலப்பகுதியில் எண்ணெய்த் தொழில் நடத்திய ஷெல் நிறுவனமே அதற்கு நிதியளித்ததைச் சுட்டிக்காட்டிப் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தனர். தங்கள் புனித முகமூடியைக் காட்சியிலிருந்து அகற்றக் கோரி மோஹாக் மக்கள் நீதிமன்றம் வரை சென்றனர். பொருட்களைச் சேர்ப்பதில் காட்டிய அக்கறை, அவற்றுக்குரிய மக்களைக் கேட்பதில் இல்லாமற்போனது உண்மையிலேயே வேதனைக்குரியது.

2001இல் திறக்கப்பட்ட, பிளாக்ஃபுட் என்னும் பூர்வகுடிச் சமூகத்தைப் பற்றிய காட்சிக்கூடமோ, அச்சமூகத்தினர் அருங்காட்சியகப் பணியாளர்களோடு சரிசமமாக அமர்ந்து திட்டமிட்டது; விளக்கங்கள் அம்மக்களின் சொந்தக் குரலிலேயே, அவர்களது மொழியையும் சேர்த்துக்கொண்டு பேசின. அதற்கு முந்தைய ஆண்டே, ஆல்பர்ட்டா மாகாணச் சட்டத்தின் துணையுடன், 251 புனிதப் பொருட்கள் பிளாக்ஃபுட் மக்களிடம் திரும்பியிருந்தன. அப்படித் திருப்பியளித்ததால் பிறந்த நம்பிக்கை இல்லாமல் கூட்டுத் திட்டமிடல் பெயரளவில்தான் நடந்திருக்கும்.

முதல் வழியில் நாடு முழுவதையும் ஒரே கூரையின்கீழ்க் காட்ட முடிந்தது. இரண்டாவது, ஒரே மக்களோடு நின்று, நிறையப் பொறுமையையும் கேட்டது. ஆயினும், உயிரோடிருக்கும் ஒரு சமூகத்தைப் பற்றிய காட்சிக்கு இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன்.