அண்ணன் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்த ஸ்டுடியோ

பெரியப்பா மகன் என்றாலும் ஒரே வீட்டில் வளர்ந்ததால் எனக்கு உடன்பிறந்தவராகவே இருந்த அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்காக, மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சிறிய ஸ்டுடியோ ஒன்றில், கல்யாண குரூப் போட்டோவில் கட்டைவிரல் நகமளவே இருந்த அவர் முகத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னேன். 12க்கு 18 அங்குலம், சட்டத்துடன் 1,400 ரூபாய், விலை நியாயம்தான். முதல் பிரதியில் முகத்தை மெழுகுபோல் வழித்து, பம்பரம் பட்டு இடது புருவத்தில் விழுந்த தழும்பையும் அழித்துவிட்டிருந்தார்கள் (அந்தப் பம்பரத்தை விட்டவன் நான்). சொன்னதும் முகம் சுளிக்காமல், கூடுதல் பணமும் கேட்காமல் தழும்பைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கண்ணாடி போட்டால் குத்துவிளக்கின் ஒளி பட்டு முகம் தெரியாது என்று மேட் லேமினேஷனைப் பரிந்துரைத்தவரும் கடைக்காரரே. சொன்ன நாளுக்கு ஒரு நாள் தாமதமாக, காரியத்துக்கு முந்தைய இரவுதான் படம் கைக்கு வந்தது என்பது மட்டுமே குறை.