முன்குறித்தலும் ஊழியத்தின் நோக்கமும்: நான்கு பதில்கள், ஓர் உரைகல்

கடவுள் யாரை இரட்சிக்கப் போகிறார் என்பதை உலகத்தோற்றத்துக்கு முன்பே முன்குறித்துத் தீர்மானித்துவிட்டார் என்றால் போதகர் எதற்கு, பிரசங்கம் எதற்கு, வீடு வீடாகப் போய் ஜெபிப்பது எதற்கு? வேதபாட வகுப்பில் ஓர் இளைஞர் இப்படிக் கேட்கும்போது அது இன்று முளைத்த ஐயம்போலத் தோன்றலாம். ஆனால் 5ஆம் நூற்றாண்டிலேயே வட ஆபிரிக்காவின் அத்ருமெத்தும் என்ற ஊரின் துறவிகள் இதே இடத்தில் வந்து நின்றார்கள். நல்ல மனதைத் தருவது கிருபைதான் என்றால், தவறிப்போன சகோதரனைக் கண்டிப்பானேன், அவனுக்காக ஜெபித்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாதா என்பதே அவர்கள் எழுப்பிய சிக்கல். தெரிந்துகொள்ளப்பட்டவர், அதாவது இரட்சிப்புக்கென்று கடவுளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யார், அல்லாதவர் யார் என்பது நமக்குத் தெரியாது, ஆகையால் எல்லோரும் இரட்சிப்படைய வேண்டும் என்ற விருப்பத்தோடு எல்லோரையும் கண்டித்து அழைக்கவேண்டும், அந்தக் கண்டிப்பைக் கடவுள் தம் கருவியாக்கிக்கொள்வார் என்று வட ஆபிரிக்க ஆயரான அகுஸ்தீனார் பதில் எழுதினார். பின்னாளில் மேற்கத்திய திருச்சபையில் எழுந்த தரப்புகள் பெரும்பாலும் அந்தப் பதிலைத் தத்தம் பக்கம் இழுத்தே வாதிட்டன.

கொழும்பில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. புறக்கோட்டையில் 1816 இல் திறக்கப்பட்ட மெதடிஸ்த ஆலயத்திலிருந்து புறப்பட்டு, ஒல்லாந்தர் 1757 இல் பிரதிஷ்டை செய்த வுல்வெண்டால் ஆலயம் நிற்கும் மேட்டில் ஏறி, அங்கிருந்து கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்துக்கு இறங்குபவர், ஒரே காலைப்பொழுதில் இக்கேள்விக்கான மூன்று பதில்களைக் கடந்து நடக்கிறார். அவற்றோடு, நம் காலத்துக்கு நெருங்கிய நான்காவது பதிலொன்றையும் சேர்த்து இங்கே ஒப்பிட விரும்புகிறேன். நான் கையில் எடுக்கும் உரைகல் ஒன்றுதான்: ஒரு கொள்கை ஊழியரின் கையைத் தளரவிடாமலும், அதேவேளையில் தலைகளை எண்ணிக் கணக்குக் காட்டும் கவலையிலிருந்து அவரை விடுவித்தும் காக்கிறதா?

வுல்வெண்டால் ஆலயத்தின் மரபான, கல்வினின் வழிவந்த சீர்திருத்த மரபிலிருந்து தொடங்குவோம். ஒல்லாந்த இறையியலாளர் ஆர்மீனியஸின் வழிவந்தவர்கள் 1610 இல் ஐந்து கூற்றுகளை முன்வைத்தபோது, அவற்றுக்கு மறுமொழியாக 1618, 1619 ஆம் ஆண்டுகளில் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய மாமன்றம் தன் தீர்மானங்களை வகுத்தது. மனிதரிடம் முன்னறியப்பட்ட விசுவாசத்தை முன்னிட்டு அல்லாமல், தம் சித்தத்தின் தயவினாலேயே கடவுள் தெரிந்துகொள்கிறார் என்பது அதன் மையம். இந்த அளவோடு நிறுத்திவிட்டு டோர்ட்டைக் கண்டிப்பவர்களும் போற்றுபவர்களும் நம்மிடையே நிறையப் பேர். அதே தீர்மானங்கள், சுவிசேஷ வாக்குத்தத்தம் மனந்திரும்பி விசுவாசிக்கும் கட்டளையோடு எல்லா ஜாதிகளுக்கும் வேறுபாடின்றி அறிவிக்கப்படவேண்டும் என்றும், கிருபை தன் வேலையைச் செய்வது வசனம், ஞானஸ்நானமும் திருவிருந்தும் ஆகிய அருள்சாதனங்கள், சபை ஒழுங்கு ஆகிய வழிகளினூடாகவே என்றும் சொல்வதைப் பலர் வாசிப்பதில்லை. முடிவை நியமித்தவர் வழியையும் நியமித்திருக்கிறார் என்பதே இதன் உள்ளோட்டம்.

இதற்கு அப்போஸ்தலர் நடபடிகளின் 27ஆம் அதிகாரத்தைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. புயலில் அகப்பட்ட கப்பலில் ஒருவரும் சேதப்படமாட்டார்கள் என்று தேவதூதன் வழியாகப் பவுலுக்கு வாக்குக் கிடைத்தாயிற்று. ஆயினும் கப்பலாட்கள் படகை இறக்கித் தப்பியோடப் பார்த்தபோது, “இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப்பிழைக்கமாட்டீர்கள்” என்று நூற்றுக்கு அதிபதியை எச்சரித்தவரும் அதே பவுல்தான். முடிவு உறுதியாக இருந்ததனால் எச்சரிக்கை வீண் ஆகிவிடவில்லை, ஏனெனில் அந்த எச்சரிக்கையினூடாகவே முடிவு கைகூடியது. கொரிந்துவில் எதிர்ப்புக்கு நடுவே, “இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு” என்று ஆண்டவர் இராத்தரிசனத்தில் சொன்னபோதும் இப்படியே நடந்தது. அந்த ஜனங்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று பவுலுக்குச் சொல்லப்படவில்லை. அவர் ஒரு வருஷமும் ஆறு மாதமும் அங்கே தங்கி உபதேசித்தார். இந்தப் பார்வையில் ஊழியத்தின் நோக்கம் தெரிந்துகொள்ளப்பட்டோரை உருவாக்குவதும் அன்று, அவர்களைக் கண்டுபிடித்துப் பட்டியல் இடுவதும் அன்று. கடவுள் தம்முடையவர்களை அழைக்கும் குரலாக இருப்பதே அதன் நோக்கம்.

இந்த உயர்ந்த கொள்கையைக் கையில் வைத்திருந்த திருச்சபை, இந்நகரில் அதைக் கடைப்பிடித்ததா என்பது வேறு கேள்வி. ஒல்லாந்தக் கம்பனியின் ஆட்சியில் ஞானஸ்நானமும் திருமணமும் தோம்பு எனப்பட்ட பதிவேட்டில் பதியப்பட்டன. உத்தியோகமும் சட்டபூர்வமான வாரிசுரிமையும் அந்தப் பதிவோடு பிணைந்திருந்தன. எண்ணிக்கையை அறிந்தவர் கடவுள் ஒருவரே என்று அறிக்கையிட்ட சபை, அரசின் தேவைக்காகத் தானே எண்ணிக்கையைப் பெருக்கியது. 1796 இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் விலகியவுடன், பெயரளவில் சேர்ந்திருந்தவர்கள் பெருந்தொகையாக விலகிப்போனார்கள். இதைக் கொள்கையின் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். அதே திருச்சபைதான் கொழும்பில் பிறந்த பிலிப்பு தெ மெல்லோவைப் போதகராக அபிஷேகம் செய்தது. வேதாகமத்தைத் தமிழாக்கும் வேலையில் அவர் தம் ஆயுளைச் செலவிட்டார். வசனமே கிருபையின் வழி என்று நம்புகிறவர் செய்யவேண்டிய வேலை அதுவாகத்தான் இருக்கமுடியும்.

இக்கொள்கையின் திரிபு ஒன்றும் உண்டு. தெரிந்துகொள்ளப்படாதவரை விசுவாசிக்க அழைப்பது முறையன்று என்று 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பாப்திஸ்து வட்டாரங்களில் சிலர் கருதினார்கள். அந்த வாதத்தைப் பாப்திஸ்து போதகர் ஆன்ட்ரூ ஃபுல்லர் 1785 இல் மறுத்தார். வில்லியம் கேரி 1792 இல், வழிகளைக் கையாளுவது கிறிஸ்தவரின் கடமை என்று எழுதி, அடுத்த ஆண்டே வங்கத்துக்குக் கப்பலேறினார். இருவரும் முன்குறித்தலைக் கைவிடாதவர்கள். ஆகவே கல்வினின் போதனை ஊழியத்தைக் கொன்றுவிடும் என்ற பொதுவான குற்றச்சாட்டு வரலாற்றின்முன் நிற்காது.

ஆனாலும் அந்தக் குற்றச்சாட்டை மிகக் கூர்மையாக எழுப்பியவர் மெதடிஸ்த இயக்கத்தின் நிறுவனர் ஜோன் வெஸ்லி. அவரை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1739 இல் அவர் செய்த பிரசங்கத்தின் வாதம் இதுதான்: முன்குறித்தல் உண்மையானால் பிரசங்கம் வீண், ஏனெனில் தெரிந்துகொள்ளப்பட்டவருக்கு அது தேவையில்லை, மற்றவருக்கு அது பயனில்லை. மறு ஆண்டில், அவருடைய நண்பரும் முன்குறித்தலை நம்பியவருமான ஜோர்ஜ் விட்ஃபீல்ட், இரட்சிப்பை நியமித்த கடவுள் அதற்கு வழியாகப் பிரசங்கத்தையும் நியமிக்கவில்லையா என்று கேட்டு, நாம் யாரையும் அறியாததனால் எல்லோருக்கும் அறிவிக்கிறோம் என்று பதில் எழுதினார். அந்த இடத்தில் விட்ஃபீல்டின் விடையே வலுவானது என்று கருதுகிறேன். இத்தனைக்கும் பின் 1770 இல் விட்ஃபீல்ட் மறைந்தபோது அவருக்கான நினைவுப் பிரசங்கத்தைச் செய்தவர் வெஸ்லியே. இன்று இணையத்தில் இந்தப் பொருளைப் பற்றி ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும் நம்மவர்கள் அதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

வெஸ்லியின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மனிதரையும் முந்திக்கொண்டு சந்திக்கும் கிருபை ஒன்று உண்டு, அது விடுவிக்கப்பட்ட விருப்பத்தைத் தருகிறது, கிறிஸ்து எல்லோருக்காகவும் மரித்தார் என்று அவர் போதித்தார். இதன்படி ஹட்டனிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ வந்து புறக்கோட்டைக் கடையொன்றில் மூட்டை சுமக்கும் ஒரு மலையக இளைஞனிடம், ‘இயேசு உனக்காக மரித்தார்’ என்று எந்த உள்ஒதுக்கமும் இல்லாமல் சொல்ல முடியும். கிறிஸ்துவின் மரணம் தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கே உரித்தானது என்று நம்பும் ஊழியர் அந்த வாக்கியத்தைச் சற்று மாற்றியே சொல்லவேண்டும், ‘இயேசு பாவிகளுக்காக மரித்தார், விசுவாசித்தால் நீயும் இரட்சிக்கப்படுவாய்’ என்று. வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். கேட்பவனின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவருக்கு அது சிறிதன்று. “எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படவும்” கடவுள் சித்தமுள்ளவர் என்ற தீமோத்தேயு நிருபத்தின் சொற்களை, எல்லா வகை மனுஷரும் என்று சுருக்கிப் படிக்க என் மனம் இடந்தரவில்லை.

இந்தக் கொள்கை இடறுவது கணக்கில். மனிதனின் சம்மதமே இறுதி முடிச்சு என்றால், அந்தச் சம்மதத்தைப் பெற்றுத்தரும் திறமை ஊழியரின் பொறுப்பாகிவிடுகிறது. வெஸ்லி அப்படிப் போதிக்கவில்லை, ஆனால் அவருடைய கொள்கையின் எளிய வடிவங்கள் அங்கேதான் போய் முடிகின்றன. கொழும்பில் வாடகை மண்டபங்களில் நடக்கும் எழுப்புதல் கூட்டங்களின் முடிவில் ஒரு சீட்டு கைக்குக் கை மாறுவதைக் கண்டிருக்கிறேன். அதில் பெயர், தொலைபேசி எண், ஜெபக் குறிப்பு ஆகியவற்றுக்குக் கீழே, ‘இன்று இயேசுவை ஏற்றுக்கொண்டேன்’ என்ற வரிக்கு எதிரே ஒரு சிறு கட்டம் இருக்கும். கூட்டம் கலைந்ததும் கட்டத்தில் சரி போட்ட சீட்டுகள் தனியே பிரித்து எண்ணப்படும். அந்த எண் நன்கொடையாளருக்கான அறிக்கையில் இடம்பெறும். எண் குறைந்தால் பிரசங்கியாரின் அபிஷேகம் குறைந்தது என்று பேச்சு எழும். தோம்பு ஓர் அரசாங்கத்தின் புத்தகம், இது ஓர் ஊழியத்தின் புத்தகம், இரண்டிலும் ஆத்துமாக்கள் வரவாகவே பதியப்படுகின்றன.

கத்தோலிக்க மரபைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்தப் பொருளில் அது வேண்டுமென்றே ஒரு எல்லைக்குமேல் தீர்ப்பளிக்கவில்லை. கிருபையும் சுயாதீனமும் எப்படிப் பொருந்துகின்றன என்று டொமினிக்கன் சபையாரும் இயேசு சபையாரும் உரோமையில் பல ஆண்டுகள் வாதாடிய பின், 1607 இல் பாப்பரசர் ஐந்தாம் பவுல் இரு தரப்பையும் கண்டிக்காமல் விட்டார். ஆனால் ஒரு சிறந்த கருத்து அங்கே முன்னரே இருந்தது. புனிதர்களின் மன்றாட்டுக் கடவுளின் முன்குறிப்பை மாற்றுவதில்லை, அந்த மன்றாட்டே முன்குறிப்பின் நிறைவேற்றத்துக்குள் ஒரு காரணமாக அடங்கியிருக்கிறது என்று 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தோமஸ் அக்குவினாஸ் எழுதினார். அருட்பணியின் நோக்கம் இங்கே அருள்சாதனங்களை மக்களிடம் கொண்டுசேர்ப்பது. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687 இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்திறங்கிய யோசேவ் வாஸ் அடிகளாரை அதுவே உந்தியது. 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத் திடலில் அவரைப் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். தமக்கு முன்பாகத் தொகை எதுவும் எழுதிவைக்கப்படாத ஒருவர் ஒளிந்து ஒளிந்து வீடு தேடிப்போன அந்த ஊழியத்தின்முன், மற்ற மரபுகளைச் சேர்ந்த நாமும் தலைகுனிகிறோம்.

நான்காவது பதில், யாழ்ப்பாண ஆதீனத்தின் வழியாக இலங்கையிலும் வேரூன்றிய தென்னிந்தியத் திருச்சபையிலிருந்து வருகிறது. 1947 இல் மதுரை, இராமநாதபுரம் பகுதிக்கு ஆயராகி, பின்னர் சென்னையிலும் ஆயராக இருந்த லெஸ்லி நியூபிகின், கேள்வியையே வேறுவிதமாக அமைத்தார். தெரிந்துகொள்ளுதல் சிலருக்குக் கிடைத்த தனிச்சலுகை அன்று, மற்றெல்லோருக்குமாகச் சிலர்மீது வைக்கப்பட்ட பொறுப்பு என்பது அவர் நிலைப்பாடு. ஆபிரகாம் தெரிந்துகொள்ளப்பட்டது பூமியின் வம்சங்களெல்லாம் ஆசீர்வதிக்கப்படுவதற்காக. ரோமர் 9ஆம் அதிகாரத்தோடு நிறுத்தாமல், கடவுள் எல்லார்மேலும் இரக்கமாயிருப்பதற்காகவே எல்லாரையும் கீழ்ப்படியாமைக்குள் அடைத்தார் என்று முடியும் 11ஆம் அதிகாரம்வரை வாசிக்கவேண்டும் என்றார் அவர். “நீங்கள் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தெரிந்துகொண்டேன்” என்ற யோவான் சுவிசேஷத்தின் வசனமும், போய்க் கனிகொடுக்கும்படி ஏற்படுத்தினேன் என்றே தொடர்கிறது. முன்குறித்தலும் ஊழியமும் மோதிக்கொள்ளும் இரண்டு உபதேசங்களாக இல்லாமல் ஒரே வாக்கியமாக நிற்பது இந்தப் பார்வையில்தான். இதன் குறை, கடைசியில் யார் இரட்சிக்கப்படுவார் என்ற கேள்வியோடு வரும் மனிதருக்கு இது நேரான விடை தருவதில்லை என்பது.

அந்தக் கேள்வியோடு வருபவர்கள் இருக்கிறார்கள். தேசிய வைத்தியசாலையின் வார்ட்டில் பார்வையாளர் நேரம் முடியப்போகிறது. நினைவு தப்பிய மகனின் கட்டிலருகில் நிற்கும் தாய், ‘பாஸ்டர், இவன் சபைக்கு வருவதை விட்டு எத்தனையோ வருஷம், இவனுக்கு வழி இருக்கிறதா?’ என்று கேட்கிறார். அவர் கையைப் பிடித்திருக்கும் சைவ அயலவர், எல்லாம் தலையெழுத்து அம்மா என்று ஆறுதலாகச் சொல்கிறார். இங்கே சம்மதத்தைக் கேட்டுப் பெற வழியில்லை. வெஸ்லியின் வழிவந்தவர், முந்திவரும் கிருபை இந்தக் கட்டிலுக்கும் முன்னரே வந்திருக்கிறது என்று சொல்லலாம், அது உண்மையான ஆறுதல். ஆனால், விருப்பம் செயலற்றுக் கிடக்கும் இடத்திலும் கடவுள் தாமாகவே இருதயத்தைத் திறக்க வல்லவர், உங்கள் கண்ணீரையும் அதற்குரிய வழியாக அவர் வைத்திருக்கிறார் என்று சொல்ல ஒரு சீர்திருத்த ஊழியருக்கே மிகப் பெரிய உரிமை இருக்கிறது. அகுஸ்தீனாரின் தாய் மோனிக்காவுக்கு ஓர் ஆயர், இத்தனை கண்ணீரின் மகன் அழிந்துபோக முடியாது என்று சொன்னதை அகுஸ்தீனாரே பதிவுசெய்திருக்கிறார். தலையெழுத்துக்கு முகமில்லை, அதனிடம் மன்றாட முடியாது. முன்குறிக்கிறவர் பிதாவானபடியால் அவரிடம் மன்றாடலாம்.

ஆகவே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துவின் மரணம் யாருக்காக என்ற இடத்தில் நான் வெஸ்லியோடு நிற்கிறேன். தெரிந்துகொள்ளுதல் எதற்காக என்ற இடத்தில் நியூபிகினின் திருத்தத்தை ஏற்கிறேன். ஊழியத்தின் நோக்கத்தையும், பலன் காணாத ஆண்டுகளில் ஊழியரை நிறுத்திவைக்கும் ஆதாரத்தையும் பொறுத்தவரை, அகுஸ்தீனாரிலிருந்து டோர்ட்வரை வரும் பதிலே, வழிகளும் நியமிக்கப்பட்டவை என்ற பதிலே, மற்றவற்றைவிட ஆழமானது என்று கருதுகிறேன். இந்தக் கலவையை முரண்பாடு என்று இரு தரப்பாரும் சொல்வார்கள். வேதாகமம் எல்லோருக்குமான இரக்கத்தையும் தெரிந்துகொள்ளுதலையும் ஒரே பவுலின் வாயில் வைத்திருக்கும்வரை அந்தக் குற்றச்சாட்டைச் சுமக்க நான் ஆயத்தம்.

இதிலிருந்து எங்கள் சபைகளுக்கு நடைமுறையான ஒரு மாற்றம் தேவைப்படுகிறது. முன்குறித்தலை ஞானஸ்நான ஆயத்த வகுப்பில் தொடக்கப் புதிராக வைப்பதை நிறுத்தி, ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களுக்கும் வைத்தியசாலைச் சந்திப்புக்குப் போவோருக்கும் தரும் பயிற்சியில் அதற்கு இடமளிக்கவேண்டும். சீர்திருத்த மரபின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் இந்த உபதேசத்தை மிகுந்த விவேகத்தோடு கையாளச் சொல்கிறது. கல்வினும் தம் பெருநூலின் 1559 ஆம் ஆண்டு இறுதிப் பதிப்பில், விசுவாசத்தையும் நீதிமானாக்கப்படுதலையும் விளக்கிமுடித்து, ஜெபத்தைப் பற்றிய நீண்ட அதிகாரத்துக்கு அடுத்தபடியாகத்தான் தெரிந்துகொள்ளுதலைப் பற்றி எழுதத் தொடங்குகிறார்.