டோ டிராக்டர் சர்வீஸ்: கணபதி பட்டறையில் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

விமானத்தை இழுக்கிற 80 வோல்ட் பேட்டரி டிராக்டர்களுக்கு வருடாந்திர சர்வீஸ் செய்யும் பட்டறை இது. கோவை கணபதிப் பக்கம், பம்பு மோட்டார் பட்டறைகளுக்கு நடுவில் இருக்கிறது. பேட்டரி வேலையை நம்பிக் கொடுக்கலாம். டிராக்டரையும் விமானத்தையும் இணைக்கிற இழுவைக் கம்பியான டோபாரைக் கொடுக்க வேண்டாம்.

லெட் ஆசிட் பேட்டரியின் 40 செல்லையும் தனித்தனியாக ஹைட்ரோமீட்டர் வைத்து ஆசிட்டின் அடர்த்தியைப் பார்த்து, வெப்பநிலையோடு எழுதித் தருகிறார்கள். முழு சார்ஜில் 1.280 அளவுக்கு வர வேண்டும். ஏதாவது செல் மற்றதைவிட 0.030 பின்தங்கினால் எல்லா செல்லையும் சமப்படுத்துகிற ஈக்வலைஸிங் சார்ஜ் போடுகிறார்கள். அதற்கும் ஏறாத செல்லை மட்டும்தான் மாற்றச் சொல்கிறார்கள். எடுத்த எடுப்பில் "பேட்டரி போச்சுங்க" என்பதில்லை.

லோடு டெஸ்ட்தான் இவர்களின் பலம். 500 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரி என்றால் 100 ஆம்பியர் லோடில் 5 மணி நேரம் நிற்க வேண்டும், செல்லுக்கு 1.7 கணக்கில் மொத்தம் 68 வோல்ட் வந்ததும் நிறுத்துகிறார்கள். 4 மணி நேரத்துக்கு முன்பே அந்த 68 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது. சார்ஜ், ஆறவிடுவது, டெஸ்ட், மறுபடி சார்ஜ் என்று இரண்டு நாள் பிடிக்கும். காலையில் விட்டு சாயங்காலம் எடுத்துக்கலாம் என்கிற இடங்களில் இந்த டெஸ்ட் நடக்க வழியே இல்லை.

தண்ணீரைச் சார்ஜ் முடிந்த பிறகே ஊற்றுகிறார்கள். முன்னால் நிரப்பினால் பொங்கி வழியும். மேலே படிந்த ஆசிட் ஈரத்தின் வழியாக சேஸிஸுக்குக் கரண்ட் கசியும். செல்லுக்குள் இருக்கும் பிளேட் வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்குமளவு முதலில் விடலாம். சிறுவாணித் தண்ணீரே ஆனாலும் பேட்டரிக்கு ஆகாது, டிஸ்டில்டு வாட்டர்தான்.

கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற சுவிட்ச்), கேபிள் முனையில் இருக்கும் லக், பிரேக் எல்லாம் சரி. மோட்டார் வேலை கோவைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

டோபாரின் ஷியர் பின்னில்தான் பெரிய தப்பு. இழுவையோ திருகலோ அளவு மீறும்போது அந்தப் பின் முதலில் ஒடிய வேண்டும். அப்போதுதான் விமானத்தின் முன்சக்கரக் காலான நோஸ் கியர் தப்பும். இங்கே "ஸ்ட்ராங்கா இருக்கட்டுங்க" என்று வலு அதிகமான ஹை டென்சில் போல்ட்டைக் கடைந்து போட்டிருந்தார்கள். அது ஒடியாது, விமானத்தின் கால்தான் ஒடியும். தயாரிப்பாளர் சொன்ன பார்ட் நம்பர் பின்னைத் தவிர வேறெதையும் ஏற்காதீர்கள். டோபாரும் வண்டியோடு போயிருந்தால், பின்னைக் கழற்றிப் பார்த்த பிறகே விமானத்தில் மாட்டுங்கள்.