எழும்பூரா, இலங்கை மலையகமா? தாயகம் திரும்பிய குடும்பங்கள் முன்னோரைத் தேட முதலில் போக வேண்டிய இடம்

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து, கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிகளில் குடியேறிய குடும்பங்களில், பேரப்பிள்ளைகள் இப்போது தங்கள் வம்சாவளியைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். கொளப்பள்ளியில் டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பில் வளர்ந்த நானும் அவர்களில் ஒருத்தி. கடந்த இரண்டு ஆண்டுகளில் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஒருமுறையும், இலங்கைக்கு ஒருமுறையும் சென்று வந்தேன். விடுப்பும் பணமும் ஒரு பயணத்துக்கு மட்டுமே இருக்குமானால், இலங்கைக்கே முதலில் போக வேண்டும் என்பது என் முடிவு.

லண்டன் பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். சென்னை மாகாணத் தேவாலயங்களின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் அங்கே உள்ளன. முன்னோரில் ஐரோப்பியரோ ஆங்கிலோ இந்தியரோ இருந்தால் அவை மிகவும் பயன்படும். 1859இல் தொடங்கப்பட்ட ஊட்டி நீலகிரி நூலகம் இந்த மலையின் காலனிய வரலாற்றைப் படிக்க நல்ல இடம். ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியின் பின்னால் கடல் கடந்த ஒரு கூலிக் குடும்பத்தைத் தேடுபவருக்கு இவ்விரண்டும் முதல் படியாக இருக்க முடியாது.

எழும்பூருக்குப் போவது எளிது. மேட்டுப்பாளையத்தில் இரவு ரயில் ஏறினால் காலையில் சென்னை. 1909இல் சென்னை ஆவண அலுவலகமாகத் தொடங்கிய அந்தச் சிவப்புக் கட்டடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலிருந்தே கோப்புகள் இருக்கின்றன. அடையாளச் சான்றும், எதை, எதற்காகப் படிக்கிறோம் என்று விளக்கும் விண்ணப்பமும் முறையாக இருக்க வேண்டும். நான்கு நாள்கள் அங்கே இருந்தேன். இலங்கைக்கான ஆள்சேர்ப்பு, இலங்கைக்குப் போவோரைத் தங்கவைத்து நோய்ச் சோதனை செய்த மண்டபம் முகாம், 1922 குடிபெயர்வுச் சட்டம் ஆகியவை பற்றி அதுவரை அறியாத பலவற்றைப் படித்தேன். எங்கள் குடும்பத்தாரின் பெயர் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அது தற்செயல் இல்லை. ஆவணக் காப்பகத்தின் கோப்புகள் துறை, ஆண்டு, அரசாணை எண் என்ற வரிசையில் அடுக்கப்பட்டவை; மனிதரின் பெயரைச் சொல்லித் தேடும் வழி அவற்றில் அரிது. இதைவிட ஆழமான காரணம் இன்னொன்று உண்டு. மொரீஷியசுக்கும் நேட்டாலுக்கும் பிஜிக்கும் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். ஒவ்வொருவருக்கும் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடல் அடையாளம் எல்லாம் எழுதப்பட்ட குடிபெயர்வுச் சீட்டு இருந்தது. அதனால்தான் மொரீஷியஸ்காரர் ஒருவர் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் தன் மூதாதையின் ஊரைக்கூடக் கண்டுபிடிக்க முடிகிறது. இலங்கைக்குப் போன நம்மவர்கள் அந்த முறைக்கு வெளியே, கங்காணியை நம்பி, கடன் தொகை எழுதிய 'துண்டு' என்ற சீட்டு ஒன்றோடு போனவர்கள். பிற்காலத்தில் கழுத்தில் கட்டப்பட்ட தகரத் துண்டில் இருந்தவையும் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணுமே. பெயரை எழுதிவைக்கும் தேவை சென்னை அரசுக்குப் பெரிதாக இருக்கவில்லை. கிராம நிலவரித் திட்டப் பதிவேடுகளில் பெயர்கள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அவை பட்டாதாரர்களின் பெயர்கள். முசிறிப் பக்கம் ஒரு சென்ட் நிலமும் இல்லாததால்தானே எங்கள் கொள்ளுப்பாட்டனார் கப்பலேறினார்?

இலங்கையில் நிலைமை வேறு. கொழும்பில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தை மட்டும் நம்பிப் போனால் எழும்பூரில் கண்டதையே மீண்டும் காண்போம். அங்கும் இருப்பவை பெரும்பாலும் அரசு நிர்வாகத்தின் தாள்கள். நான் அங்கே ஒரு நாள் மட்டும் செலவிட்டு, தோட்டங்களைப் பட்டியலிடும் பழைய ஃபெர்குசன் கையேட்டில் எங்கள் தோட்டம் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதை உறுதிசெய்துகொண்டேன். பாட்டி ஆயுள் முழுவதும் அந்தத் தோட்டத்தைத் தமிழ்ப் பெயரால்தான் சொன்னார்; பதிவேடுகளிலோ ஆங்கிலப் பெயரே இருக்கும். 1972இல் தலைமன்னார்க் கப்பலில் அவர் கொண்டுவந்த பழைய கடவுச்சீட்டில் அந்த ஆங்கிலப் பெயர் இருந்தது. அந்தத் தாள் இல்லையென்றால் இந்தப் பயணமே வீணாகியிருக்கும்.

பிறகு பதுளைக்கு ரயில் ஏறினேன். தோட்டத்தில் நடக்கும் பிறப்பையும் இறப்பையும் தோட்ட நிர்வாகமே பதிவுக்கு அறிவிக்க வேண்டும் என்ற நடைமுறை அங்கே இருந்ததால், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்த பிள்ளைக்கும் பதிவேட்டில் ஒரு வரி இருக்க நல்ல வாய்ப்புண்டு. அந்தந்தப் பகுதியின் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். பதிவு எண்ணும் தேதியும் தெரியாதவர், குறிப்பிட்ட காலத்துப் பதிவேடுகளைத் தேடித் தரும்படி கட்டணம் செலுத்திக் கேட்கலாம். நான் கேட்டபோது ஒரு தேடலுக்கு இரண்டு ஆண்டுகள்வரை அனுமதித்தார்கள். குடும்ப அட்டையில் இருந்த பாட்டியின் வயதைக் கொண்டு கணக்கிட்டு 1930, 1931 என்று கொடுத்தேன், கிடைக்கவில்லை. மறுநாள் முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குக் கொடுத்தேன். 1929இல் இருந்தது. வீட்டில் ராசாத்தி என்று அழைக்கப்பட்டவரின் பெயர் அங்கே மீனாச்சி. தகப்பன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வைத்துத்தான் அவரை அடையாளம் காண முடிந்தது. தாய் பெயர் காத்தாயி. பாட்டி கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்து, சின்னம்மாவையே அம்மா என்று அழைத்து வளர்ந்தவர். அதனால் பெற்றவளின் பெயர் எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாமலே இருந்தது. அந்த நகலைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு பிறப்புப் பதிவு அதற்கு முந்தைய தலைமுறையின் இரண்டு பெயர்களைத் தருகிறது. அப்பெயர்களைக் கொண்டு அடுத்த பதிவைத் தேடலாம். எழும்பூரில் எனக்குக் கிடைக்காதது இந்தச் சங்கிலிதான்.

இது எல்லாருக்கும் இப்படியே அமையும் என்று சொல்ல மாட்டேன். நான் தேடியது ஒரே மாவட்டத்தில், ஒரே குடும்பத்துக்காக. இரத்தினபுரி, களுத்துறைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்தவர்களுக்கு வழிகாட்டும் அனுபவம் எனக்கு இல்லை. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தோட்டத்தை அடுத்த ஆலயத்தின் திருமுழுக்கு ஏடே குறுக்கு வழியாக அமையலாம். சொந்த ஊரில் உறவு விட்டுப்போகாதவர்களோ, இரண்டு பயணங்களுக்கும் முன்னால் குலதெய்வக் கோயிலின் பங்காளி வரிக் கணக்கைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

செலவைப் பார்த்தால் சென்னை மிகவும் மலிவு. இலங்கைக்கு விமானம், தங்குமிடம் எல்லாம் சேரும். இருந்தாலும் பெயர் தெரிந்தபின் எழும்பூருக்குப் போகிறவர் அங்குள்ள கோப்புகளை வேறு கண்ணோடு படிப்பார். பெயர் தெரியாமல் போகிறவர், நான் திரும்பியதுபோல, வரலாற்றை மட்டும் தெரிந்துகொண்டு திரும்புவார்.

அடுத்து கொள்ளுப்பாட்டனாரின் இறப்புப் பதிவைத் தேடப் போகிறேன். எந்த ஆண்டு என்று எவரும் எழுதிவைக்கவில்லை. சேரம்பாடியில் இருக்கும் பெரிய மாமாவிடம் கேட்டபோது, யுத்தம் முடிவதற்கு முன், ஆற்றோரத்து மலையில் கவ்வாத்து வெட்டிய வருஷம் என்றார். அதைக் கொண்டு 1943, 1944 என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேன்.