'நைஸ்' பக்கத்தை வைத்து ஓர் அகராதிச் சோதனை

ஓர் ஆங்கில அகராதி தேறுமா என்று பார்க்க வாயில் நுழையாத சொல் எதுவும் வேண்டாம், 'நைஸ்' போதும். தமிழில் மாவை நைஸாக அரைக்கிறோம், கூட்டத்திலிருந்து நைஸாக நழுவுகிறோம். அதே 'நைஸ்' ஆங்கிலத்தில் இந்த இரண்டு வேலையையும் செய்யாது. மாவுக்கு 'ஃபைன்', நழுவுவதற்கு 'ஸ்லிப் அவே'.

எடுத்துக்கொண்டது ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி. ஆங்கிலம் கற்பவர்களுக்காக ஆங்கில ஆசிரியர் ஏ. எஸ். ஹார்ன்பி தொடங்கிவைத்த இது 1948 முதல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடு; இப்போது இணையத்தில் இலவசம். பொருளோடு நிற்காமல், சொல் எந்தச் சட்டகத்தில் உட்காரும் என்றும் காட்டுகிறது. 'நைஸ் ஆஃப் யூ டு கம்' என்பதில் ஏன் 'ஃபார்' வராது? பாராட்டு வந்தவரின் குணத்துக்கு, அதனால்தான். இருமொழி அகராதிகள் பெரும்பாலும் 'இனிய, நல்ல' என்று எழுதிவிட்டு இந்த இடத்தில் கைவிட்டுவிடும்.

குறையும் உண்டு. 'நைஸ் டு மீட் யூ' முதல் அறிமுகத்துக்கு, 'நைஸ் மீட்டிங் யூ' அதே சந்திப்பில் விடைபெறும்போது, மறுமுறை பார்த்தால் 'நைஸ் டு சீ யூ'. வடிவங்கள் பக்கத்தில் கிடைக்கின்றன. எப்போது எது என்பதைப் பெரும்பாலும் உதாரணங்களிலிருந்து நாம்தான் பிடிக்க வேண்டும்.

'நைஸ் அண்ட் வார்ம்' தனித் தொடராகவே இருக்கிறது, நல்லது. பார்க்க இரண்டு பெயரடை போலத் தெரியும். உண்மையில் 'நைஸ்' அடுத்த சொல்லுக்கு முட்டுக்கொடுக்கிறது. 'நல்ல கதகதப்பா இருக்கு' என்கிறோமே, அந்த 'நல்ல'தான் இது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போனால் 'அண்ட்' உதிர்ந்து 'எ நைஸ் வார்ம் ரூம்' ஆகிவிடும்.

'நைஸ்' என்றே எழுதாமல் வேறு சொல் தேடச் சொல்லும் பெட்டி ஒன்றும் உண்டு. கட்டுரைக்குச் சரி. பேச்சில் அதைப் பின்பற்றினால் மேடைப்பேச்சாகிவிடும்.

சொற்பிறப்புக் குறிப்பைத் தவறவிடாதீர்கள். லத்தீன் 'நெஸ்கியுஸ்', அறியாதவன். இடைக்கால ஆங்கிலத்தில் முட்டாள். பிறகு நுணுக்கம் பார்ப்பவன். இனிமை கடைசியில்தான் வந்தது. 'எ நைஸ் பாயிண்ட்' என்றால் நுட்பமான கருத்து என்ற பழைய பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. நம் நைஸ் மாவுக்கு அதுதான் கிட்டத்துச் சொந்தம்.

கிண்டல் பொருளும் பக்கத்தில் உண்டு, அதன் தொனியில்தான் கைவிரிக்கிறது. 'எ நைஸ் மெஸ்' என்பது 'நல்லா வேலை பண்ணி வச்சிருக்கே!' போலத்தான், இழுத்துச் சொல்லும் அந்த 'நல்லா'வை எழுத்தில் கேட்க முடியாது.