ராமா, புராசசரா, புதிய தளமா: பழைய ரைசன் கணினிக்கு எது முதலில்?

பி450 மதர்போர்டு, ரைசன் 5 1600 புராசசர், ஒற்றை 8 ஜிபி டிடிஆர்4 ராம் என்று 2018 வாக்கில் தாமே கணினி அமைத்துக்கொண்டவர்கள் முன் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன: ராமை மட்டும் கூட்டலாம், அதே மதர்போர்டில் ரைசன் 5 5600 புராசசரைப் பொருத்தலாம், அல்லது முழுவதுமாக ரைசனின் புதிய தலைமுறைத் தளமான ஏஎம்5-க்கு மாறலாம். மூன்றாவதே உண்மையான மேம்பாடு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது; அதில் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் வழக்கமான வேலைகளைத் திறந்துவைத்து டாஸ்க் மேனேஜரைப் பார்க்க வேண்டும். ராம் நிரம்பி வழிந்தால் கணினி தரவை வட்டுக்கு மாற்றி மாற்றி எடுக்கும். எவ்வளவு வேகமான புராசசரும் அங்கே காத்துத்தான் நிற்கும். மேலும் ஒற்றை ராம் பொருத்திய கணினியில் ராமுக்கும் புராசசருக்கும் இடையே தரவு செல்லும் இரண்டு பாதைகளில் (சேனல்களில்) ஒன்று சும்மா கிடக்கிறது. டிடிஆர்4-3200 ராம் ஒரு சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி வரையும், இரு சேனல்களில் 51.2 ஜிபி வரையும் தரவை நகர்த்தக்கூடியது என்பதால், ஒரு 16 ஜிபி ராமை விட இரண்டு 8 ஜிபி ராம்களே மேல். பழைய 2400 வேக ராமுடன் புதிய 3200 ராமைச் சேர்த்தால் இரண்டும் பொதுவாகப் பழையதன் வேகத்திலேயே ஓடும். எனவே ஜோடியாக வாங்குவதே நல்லது. மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில், ராமை அதன் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்க மறந்துவிட்டால் அந்த ஜோடியும் பெரும்பாலும் குறைந்த வேகத்திலேயே நின்றுவிடும்.

ராம் போதுமானதாக இருந்தும் கணினி திணறினால் புராசசரைப் பார்க்க வேண்டும். இரண்டு புராசசர்களுக்கும் 6 கோர் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்), 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத்தொடர்கள்), 65 வாட் என்பதால் வேறுபாடு சிறிது போலத் தோன்றும். ஆனால் 1600 புராசசரில் 16 எம்பி எல்3 கேஷ் (புராசசருக்குள்ளேயே உள்ள வேகமான சிறு நினைவகம்) இரு பாதிகளாகப் பிரிந்து மூன்று மூன்று கோர்களுக்குச் சேர்கிறது. 2022-இல் வந்த 5600 புராசசரிலோ ஆறு கோர்களும் 32 எம்பியை ஒன்றாகப் பகிர்கின்றன. உச்ச வேகமும் 3.6 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.4 ஆக உயர்கிறது. விளையாட்டுகளில் இந்த வேறுபாடு தெளிவாகவே தெரியும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்ட நிலையில், விண்டோஸ் 11-க்கான ஆதரவுப் பட்டியலில் 1600 இல்லை, 5600 இருக்கிறது என்பதும் சிறிய காரணமன்று.

ஏஎம்5 தளம் டிடிஆர்5 ராமை மட்டுமே ஏற்பதால் புராசசர், மதர்போர்டு, ராம் மூன்றையும் ஒருசேர வாங்க வேண்டும். 2025 இறுதியில் ராம் விலை கடுமையாக ஏறிய பின் கையிலுள்ள நல்ல டிடிஆர்4 ராமைக் கைவிடுவது இன்னும் கடினம். கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி போன்றவற்றுக்கு பி450 தராத வேகமான பிசிஐஇ இணைப்பும், பின்னர் புதிய புராசசருக்கு மாறும் வாய்ப்பும் தேவைப்படுவோருக்கு அந்தச் செலவு தகும்.

மற்றவர்களுக்கு என் பரிந்துரை, முதலில் இரண்டு 8 ஜிபி 3200 ராம்கள், அடுத்து 5600 என்பதே. அந்த ராம்கள் 1600 புராசசருடன் முழு வேகத்தை எட்டாமல் போகலாம். 5600 அந்த வேகத்தை அதிகாரபூர்வமாகவே ஆதரிக்கிறது. மதர்போர்டு 5600-ஐ அடையாளம் காண, பழைய புராசசர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். கூலரைக் கழற்றுமுன் கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டு, மின்இணைப்பைத் துண்டித்தபின் மெல்லத் திருகி எடுக்க வேண்டும். இறுகிய தெர்மல் பேஸ்ட் புராசசரையும் சேர்த்து இழுத்துப் பின்களை வளைத்துவிடும் அபாயம் பி450-இல் உள்ள ஏஎம்4 சாக்கெட்டில் உண்டு.