இங்கிலீஷுக்கு நோட்ஸ் வாங்கலாம், வரலாற்றுக்கு வேண்டாம்

போன மாதம் அக்கா, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்காக ராமநாதபுரத்தில் ஒரு புத்தகக் கடை வாசலில் நின்றுகொண்டு போன் செய்தார். "தம்பி, இங்கிலீஷ் நோட்ஸும் சமூக அறிவியல் நோட்ஸும் சேர்த்து வாங்கினா குறைச்சுத் தர்றேங்கிறார். வாங்கிரவா?"

"இங்கிலீஷ் மட்டும் வாங்கு" என்றேன்.

"அதென்ன, ஒரு பாடத்துக்கு நல்லது, இன்னொரு பாடத்துக்குக் கெட்டதா?" அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. பஸ்ஸுக்கு நேரமானதால் விளக்கம் கேட்காமல் வைத்துவிட்டார். அந்த விளக்கத்தைத்தான் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று. பாம்பனில் சாயங்காலம் ஏழெட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். காசு பெரிதாக வராது. சில வீடுகளில் இருந்து மீன் வரும். அதனால் டியூஷனைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்டுக்கொள்ளலாம்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத் தாளும் சமூக அறிவியல் தாளும் மேலுக்குப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஒரு மதிப்பெண் கேள்வி 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. கூட்டினால் 100. 35 எடுத்தால் தேர்ச்சி. எழுத மூன்று மணி நேரம். இந்த ஒற்றுமைதான் பெற்றோரை ஏமாற்றுகிறது. ஒரே மாதிரித் தாள், ஒரே மாதிரித் தயாரிப்பு என்று நினைத்துவிடுகிறார்கள்.

சமூக அறிவியலில் கேட்பது எல்லாமே புத்தகத்துக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் எந்தப் பாடத்திலும் இல்லை. கடிதம், விளம்பரம், அறிவிப்பு, படத்தைப் பார்த்து எழுதுவது, பிழை திருத்துவது, வழி சொல்வது, முன்பின் பார்க்காத பத்தியைப் படித்துப் பதில் எழுதுவது என்று அந்தப் பங்கு சிதறிக் கிடக்கிறது. பாடப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை மனப்பாடம் செய்த பிள்ளையும் அங்கே வெறுங்கையோடு நிற்கும்.

சரி, சமூக அறிவியலில் இருக்கும் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். பத்துப் பாடங்கள். முதல் உலகப் போரில் தொடங்கி, இரண்டு போர்களுக்கு இடைப்பட்ட உலகம், இரண்டாம் உலகப் போர், அதற்குப் பிந்தைய உலகம் என்று நான்கு. பிறகு சமூக, சமயச் சீர்திருத்தம், தமிழகப் பாளையக்காரர்கள், தேசியம், காந்தி காலம், தமிழ்நாட்டில் விடுதலைப் போராட்டம், தமிழ்நாட்டின் சமூக மாற்றம் என்று ஆறு.

நோட்ஸ் இதைக் கேள்வி பதிலாகத் துண்டு போடுகிறது. துண்டு போட்ட மீனில் எது தலைப்பக்கம், எது வால்பக்கம் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டது 1914 ஜூன் 28. வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் ஜெர்மனி கையெழுத்துப் போட்டது 1919 ஜூன் 28. சரியாக ஐந்து வருடம், அதே தேதி. புத்தகத்தை வரிசையாகப் படிக்கிற பிள்ளை இதைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். நோட்ஸில் இந்த இரண்டும் வேறு வேறு கேள்விக்கான விடைகள். அந்த உடன்படிக்கையின் இழப்பீட்டுச் சுமை, 1929 பொருளாதாரப் பெருமந்தம், 1933இல் ஹிட்லர், 1939இல் மீண்டும் போர் என்று ஒரே கயிறாக ஓடும் கதையை நோட்ஸ் மூன்று இடத்தில் அறுத்துவிடுகிறது. அறுத்ததை மனப்பாடம் செய்த பிள்ளை, கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் தடுமாறுகிறது.

இன்னொன்றும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு நோட்ஸில் வேலூர்ப் புரட்சியை 1801 என்று போட்டிருந்தார்கள். எந்த நோட்ஸ் என்பது வேண்டாம். 1801 மருது சகோதரர்களின் திருச்சிப் பிரகடனம், வேலூர் 1806. என்னிடம் படித்த மூன்று பேர் மாதிரித் தேர்வில் அதே தவறை எழுதினார்கள். திருத்தும்போதுதான் எனக்கே தெரிந்தது.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வரலாற்றில் ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்துவதில்லை. பாளையக்காரர் பாடத்தில், 1798 செப்டம்பரில் கட்டபொம்மனை கலெக்டர் ஜாக்சன் பல ஊர்கள் அலையவிட்டு, கடைசியில் ராமநாதபுரத்தில் சந்தித்தார் என்று வருகிறது. அந்தச் சந்திப்பு நடந்த ராமலிங்க விலாசம் அரண்மனை இன்றும் ராமநாதபுரத்தில் நிற்கிறது. வேலு நாச்சியார் இதே ராமநாதபுரம் அரச வீட்டில் பிறந்தவர். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை அங்கே கூட்டிப் போனேன். கலெக்டர் முன் கட்டபொம்மன் மூன்று மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது என்ற பாடத்து வரியை அந்த மண்டபத்தில் வைத்துச் சொன்னதும் ஒரு பையன், "நமக்கும் பரீட்சை மூணு மணி நேரம்தானே சார், உட்கார்ந்தாச்சும் எழுதலாம்" என்றான். அந்த ஐந்து மதிப்பெண் விடையை அவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள்.

வருடங்களுக்கும் இதே வழிதான். பழைய பாம்பன் பாலம் திறந்தது 1914 பிப்ரவரியில்; அதே வருடம்தான் முதல் உலகப் போர் தொடங்கியது, அந்த வருடம் செப்டம்பரில் ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னையில் குண்டு போட்டது. சிகாகோவில் 1893இல் பேசிவிட்டுத் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று பாம்பன் குந்துகாலில் இறங்கினார். பின்னாளில் அதே தேதி குடியரசு நாளானது. காலக்கோடு வரையச் சொல்லி ஐந்து மதிப்பெண் கேள்வி வரும். 1920 முதல் 1940 வரை என்று கேட்டால் ஒத்துழையாமை, சௌரி சௌரா, சைமன் குழு, தண்டி, பூனா ஒப்பந்தம் என்று ஐந்தைக் கொட்டிவிடலாம், வருடம் மட்டும் கையில் இருக்க வேண்டும். வருடம் கையில் இருக்க நோட்ஸ் தேவையில்லை. ஒரு பழைய காலண்டரின் பின்பக்கமும் ஒரு ஸ்கெட்ச் பேனாவும் போதும்.

அதனால் வரலாற்றுக்குப் பாடப் புத்தகம், அதன் பின்பக்கக் கேள்விகள், கடைசி ஒரு மாதத்துக்குப் பழைய வினாத்தாள்கள். அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் சுற்றும் முக்கியக் கேள்விப் பட்டியல் சீட்டு விளையாட்டு மாதிரி. வந்தால் வரும். அதை நம்பி ஒரு பாடத்தை விட்ட பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் கேள்விகளில் கண்டிப்பாக அடி விழும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 35ஐத் தொடுவதே பாடாக இருக்கும் பிள்ளைக்கு, பள்ளியில் கொடுக்கும் மெல்லக் கற்போர் கையேடுதான் சரி. அந்தப் பெயர் எனக்குப் பிடிக்காது, பிள்ளைகளுக்கும் பிடிக்காது, பைக்குள் ஒளித்து வைக்கிறார்கள். ஆனால் டிசம்பர் வரை பள்ளிக்கு ஒழுங்காக வராத ஒருவனிடம் போய்ப் பத்துப் பாடத்தையும் கதையாகப் படி என்று சொல்வது வீம்பு.

ஆங்கிலத்துக்கு வந்தால் கதை திரும்பிவிடுகிறது. இங்கே நோட்ஸ் உதவும், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் ஒரு வரிக்கு அர்த்தம் கேட்க ஆள் இல்லை. தமிழில் பொருள், பொருள் ஒத்த சொல், எதிர்ச்சொல் எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது பெரிய காரியம். முதல் பாடம் பறக்கப் பயப்படும் ஒரு கடற்புறாக் குஞ்சைப் பற்றியது. தாய்ப் பறவை மீன் துண்டைக் காட்டி ஆசை காட்ட, பசி தாங்காமல் குஞ்சு பாறை விளிம்பில் இருந்து பாய்ந்து பறந்துவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு இதில் விளக்க என்ன இருக்கிறது? ஆனால் பாறை விளிம்புக்கு ஆங்கிலத்தில் 'லெட்ஜ்' என்று வரும்போது நின்றுவிடுகிறார்கள். கதை தெரியும், சொல் தெரியாது. அந்த இடைவெளியை நோட்ஸ் நிரப்பும்.

ஆனால் அதே நோட்ஸில் இருக்கும் மாதிரிக் கடிதத்தை மனப்பாடம் செய்வதில்தான் பிள்ளைகள் கவிழ்கிறார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்ற கடிதத்தை நெட்டுருப் போட்டவள், குடிதண்ணீர் வரவில்லை என்று எழுதச் சொன்னதும் தண்ணீர்க் கடிதத்தில் இருட்டைப் பற்றி எழுதி வைத்திருந்தாள். இங்கே பழைய வினாத்தாள்கள் நோட்ஸை அடித்துவிடுகின்றன. பிழை திருத்தும் கேள்வியை ஐந்து தாள்களில் செய்து பார்த்தால் போதும், ஒரே வகைத் தவறுகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று இருந்தால் 'ஃப்ரெண்ட்ஸ்'. 'சீனியர் தன் மீ' என்று இருந்தால் 'தன்' போய் 'டு' வர வேண்டும். 'தோ' என்று தொடங்கிய வாக்கியத்தில் 'பட்' வந்தால் அதை அடித்துவிட வேண்டும். ஐந்து மதிப்பெண், இரண்டு வாரப் பழக்கம். பெற்றோர் ஆசிரியர் கழகம் வெளியிடும் வினா வங்கி பள்ளியிலேயே கிடைக்கும். அதற்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

வழி சொல்லும் கேள்விக்கு இரண்டு மதிப்பெண்தான், ஆனால் கட்டாயம் எழுத வேண்டியது. அதற்கு எந்தப் புத்தகமும் வேண்டாம். தங்கச்சிமடம் பஸ் நிறுத்தத்தில் இருந்து உன் வீட்டுக்கு வருகிற டூரிஸ்ட்டுக்கு வழி சொல் என்பேன். 'கோ ஸ்ட்ரெய்ட், டேக் த செகண்ட் லெஃப்ட்' என்று மூன்று நாள் சொன்னால் முடிந்தது. படத்தைப் பார்த்து எழுதுவதும் அப்படித்தான். போனில் இருக்கும் மீன் ஏலக்கூடப் படம் ஒன்றைக் காட்டி ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லலாம்.

அப்புறம் டியூஷனும் யூடியூபும். இரண்டையும் நான் ஒரே கேள்வியால் அளக்கிறேன்: பிள்ளை எழுதியதை யார் படித்துத் திருத்துகிறார்கள்?

ராமேஸ்வரத்தில் இருந்து ராமநாதபுரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கே பெரிய டியூஷன் சென்டருக்குப் போய்த் திரும்பும் பிள்ளை இரவு ஒன்பதுக்கு வீடு வந்து சேர்கிறது. அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் வரலாற்றை அருமையாக நடத்துகிறார்கள், மறுக்க மாட்டேன். ஆனால் அந்த அறுபது ஆங்கிலக் கடிதங்களை யாரும் திருத்துவதில்லை. பக்கத்துத் தெருவில் பி.ஏ. படித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு அக்கா, வாரம் இரண்டு கடிதம் வாங்கிப் படித்துச் சிவப்பில் கோடு போட்டுக் கொடுத்தால், ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அந்த சென்டரைவிட அவரே மேல்.

போன் வரலாற்றுக்கு நல்லது. 2019இல் வந்த கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் கிடக்கின்றன, புத்தகத்திலேயே க்யூஆர் குறியீடு இருக்கிறது. உலகப் போர் வரைபடத்தை அசையும் படமாகப் பார்த்தால் துருக்கி எங்கே, செர்பியா எங்கே என்பது மனதில் உட்காரும். இங்கே ஒரு சிக்கல், வீட்டில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன், அது அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். தேர்வு மார்ச், ஏப்ரலில் வருகிறது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதோ ஏப்ரல் 15. அதனால் படிப்பு நெருக்கும் மாதங்களில் அப்பா கடலில், அம்மா பாசி எடுக்கவோ கருவாடு காயவைக்கவோ போயிருப்பார். வீடியோவை நம்பித் திட்டம் போட்டால் போன் கரைக்கு வரும் வரை பிள்ளை காத்திருக்க வேண்டும். வார இறுதிக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்ப் புத்தகமா, ஆங்கிலப் புத்தகமா என்ற இன்னொரு போட்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். அக்கா மகள் ஆங்கில வழியில் படிக்கிறாள். வரலாற்றையும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். அவளுக்கு நான் சிபாரிசு செய்த முதல் புத்தகம் தமிழ் வழி சமூக அறிவியல் புத்தகம். அதே பாடம், அதே வரிசை, அரசு இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முதலில் தமிழில் கதையாகப் படித்துவிட்டு, பிறகு ஆங்கிலப் பக்கத்தைத் திறந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். மீதி, பெயர்களின் ஸ்பெல்லிங். மூன்று வாரமாக அப்படித்தான் படிக்கிறாள். 'இம்பீரியலிசம்' என்றால் என்ன என்று கேட்டேன், "ஏகாதிபத்தியம் மாமா" என்று சொல்லிவிட்டு, கேட்காமலேயே ஆப்பிரிக்காவைப் பங்கு போட்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

அக்கா அன்றைக்கு இரண்டு நோட்ஸும் வாங்கிக்கொண்டுதான் வந்தார். ஐம்பது ரூபாய் குறைத்தாராம், விட மனசு வரவில்லையாம். சரி, வாங்கியது வாங்கியாயிற்று. வரலாற்று நோட்ஸில் எங்கெங்கே வருடம் தப்பாக இருக்கிறது என்று புத்தகத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறேன், ஒரு தப்புக்கு ஐந்து ரூபாய். இதுவரை எனக்குப் பதினைந்து ரூபாய் செலவு.